ஒரு நாட்டுல சுவரெல்லாம் போட்டோ, பக்கத்து நாட்டுல பேச்சே இல்ல: ஈரான்-ஈராக் போரை எப்படி நினைவு வச்சிருக்காங்க

ஈரான்-ஈராக் போர் பத்தி கேட்டிருந்தீங்க. எட்டு வருஷம் நடந்து லட்சக்கணக்குல ஆளுங்க செத்த ஒரு போரை அந்த ரெண்டு நாட்டுக்காரங்களும் இன்னிக்கு எப்படி நினைக்கறாங்க, படத்துலயும் புக்லயும் காட்டுறது நிஜமா இல்ல பில்டப்பானு. சுருக்கமா சொல்லணும்னா ஈரான்ல நினைவு ரொம்ப ஜாஸ்தி, அதுவும் அரசாங்கமே முன்ன நின்னு நடத்துற நினைவு, ஈராக்ல அரசாங்கத்துக்கு அதை எடுத்து பேசவே சங்கடம். ஆனா ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு கேள்விய தொடாம தாண்டி போறாங்க, ஈராக்காரங்களுக்கு "ஏன் ஆரம்பிச்சோம்", ஈரான்காரங்களுக்கு "ஏன் 1982லயே நிறுத்தல". இதை மனசுல வச்சுக்கிட்டு பாத்தா சிலை, கல்லறை, படம் எல்லாமே வேற மாதிரி தெரியும். பதில் நீளமா போகும், நேரம் இருக்கும்போது படிங்க.

முதல்ல கதைய ஓரளவுக்கு சொல்லிடறேன், இல்லனா பின்னாடி வர்றது புரியாது. 1979ல ஈரான்ல புரட்சி வந்து மன்னர் ஷா ஓடிப்போறாரு, மதத்தலைவர் கொமேனி ஆட்சிக்கு வர்றாரு, ராணுவத்துல பாதி ஜெனரல்கள் ஜெயில்லயோ மண்ணுக்குள்ளயோ இருக்காங்க, நாடே குழப்பத்துல இருக்கு. பக்கத்துல ஈராக் அதிபர் சதாம் ஹுசைனுக்கு ரெண்டு கணக்கு, ஒண்ணு இந்த புரட்சி நம்ம ஊரு ஷியாக்களுக்கும் தொத்திக்குமோங்கற பயம், இன்னொண்ணு 1975 அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்துல ரெண்டு நாட்டு எல்லைல ஓடற ஷத் அல் அரப் ஆத்துல பாதிய ஷாவுக்கு விட்டுக்குடுத்தோமே அதை திரும்ப புடுங்கிடலாம்ங்கற ஆசை. 1980 செப்டம்பர் 22ம் தேதி ஈராக் விமானங்க டெஹ்ரான் மெஹ்ராபாத் ஏர்போர்ட் உட்பட பல எடத்துல குண்டு போட்டுச்சு, தரைப்படை எண்ணெய் வயல் இருக்கற ஈரானோட குஜெஸ்தான் மாகாணத்துக்குள்ள நுழைஞ்சுது. சில வாரத்துல முடிஞ்சிடும்னு நினைச்சாங்க. 1988 ஆகஸ்ட் 20 வரைக்கும் போச்சு, முடியும்போது எல்லைக்கோடு கிட்டத்தட்ட ஆரம்பிச்ச எடத்துலயேதான் இருந்துச்சு. செத்தவங்க எண்ணிக்கைல இன்னிக்கும் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க, ரெண்டு பக்கமும் சேத்து அஞ்சு லட்சம்ங்கறது அடிக்கடி வர்ற மதிப்பீடு, பழைய கட்டுரைகள்ல பத்து லட்சம்னு வரும், அதை இப்ப பலபேர் ஏத்துக்கறதில்ல.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, 1990 ஆகஸ்ட்ல குவைத்துக்குள்ள போனதும் சதாமுக்கு ஈரான் பக்கம் இருந்து தொல்லை வரக்கூடாதுன்னு ஆயிடுச்சு, ஒடனே ஈரான் அதிபர் ரஃப்சஞ்சானிக்கு லெட்டர் எழுதி அதே 1975 ஒப்பந்தத்தை ஒத்துக்கிட்டாரு, கைதிங்களையும் விட ஆரம்பிச்சாரு. எட்டு வருஷம் எந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு சண்ட போட்டாங்களோ அதுக்கே திரும்ப தலையாட்டியாச்சு. ஈராக்ல அப்பா, அண்ணனை இழந்த குடும்பத்துக்கு இதை எப்படி சொல்லுவீங்க? யாரும் சொல்லல, அவ்ளோதான்.

சரி, இப்ப நினைவுக்கு வருவோம். ரெண்டு நாடும் இந்த போருக்கு வச்ச பேர்லயே அவங்கவங்க வசதி தெரிஞ்சிடும். ஈரான்ல "புனித பாதுகாப்பு", இல்லனா "நம்ம மேல திணிக்கப்பட்ட போர்". சதாம் வச்சது "சதாமோட காதிசிய்யா", அதாவது ஏழாம் நூற்றாண்டுல அரபு முஸ்லிம் படை பாரசீக சசானிய படைய காதிசிய்யாங்கற எடத்துல தோக்கடிச்ச சண்டைய இழுத்துட்டு வந்து இதுக்கு மாட்டி விட்டாரு. ஒரு பக்கம் ஈரான் தன் பிரச்சாரத்துல இழுத்தது, கர்பலால நபியோட பேரன் இமாம் ஹுசைன் தியாகியா செத்த ஷியாக்களோட பழைய சோகம், இன்னொரு பக்கம் காதிசிய்யா வெற்றி, நடுவுல இருபதாம் நூற்றாண்டு பீரங்கியும் விஷவாயுவும். ஈராக் ராணுவத்துல சிப்பாய்கள்ல நெறைய பேர் ஷியாக்கள்தான், கர்பலா ஊரே ஈராக்ல தான் இருக்குங்கறது ரெண்டு பிரச்சாரத்துக்குமே இடிச்சுது. கொமேனி எதிர்பார்த்த மாதிரி ஈராக் ஷியாக்கள் மொத்தமா ஈரான் பக்கம் வரல, சதாம் எதிர்பார்த்த மாதிரி குஜெஸ்தான் அரபுகளும் அவரு பக்கம் போகல.

எதை கொண்டாடறாங்கனு பாருங்க, இன்னும் தெளிவாகும். ஈரான்ல வருஷா வருஷம் போர் ஆரம்பிச்ச தேதில இருந்துதான் புனித பாதுகாப்பு வாரம், ராணுவ அணிவகுப்பு எல்லாம். சதாம் ஈராக்ல கொண்டாடினது போர் நின்ன சேதி வந்த ஆகஸ்ட் 8. தாக்கப்பட்டவனுக்கு ஆரம்பம்தான் நியாயம், தாக்கினவனுக்கு எப்படியோ முடிஞ்சதுதான் வெற்றி. ஈரான்ல போர் நின்ன நாள் பெருசா கண்டுக்கப்படாமயே போகுது, ஏன்னா அந்த நாள் கொமேனி "விஷக் கோப்பைய குடிக்கற மாதிரி இருக்கு"ன்னு சொல்லி ஐநா தீர்மானம் 598ஐ ஏத்துக்கிட்டதோட சேந்து வருது. அந்த விஷக் கோப்பை இன்னிக்கும் ஈரான் அரசியல்ல புழங்கற வார்த்தை, வெளிநாட்டோட எந்த சமரசம் பேச்சு வந்தாலும் ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டிய பாத்து அதைத்தான் வீசும்.

சதாம் கட்டினதுல ரெண்ட மட்டும் சொல்றேன். ஒண்ணு பாக்தாத்ல 1989 ஆகஸ்ட் 8ம் தேதி திறந்த வெற்றி வளைவு. தரையில இருந்து ரெண்டு பெரிய முன்னங்கை கிளம்பி ஆளுக்கொரு வாளை பிடிச்சு மேல குறுக்கா வைக்கும், அந்த கைகளுக்கு மாடல் சதாமோட சொந்த கை. கீழ வலைல அள்ளி வச்சது போர்க்களத்துல பொறுக்கின ஈரான் சிப்பாய்களோட நிஜ ஹெல்மெட், ஆயிரக்கணக்குல, சிலதுல குண்டு துளைச்ச ஓட்டையோட. சிலத ரோட்டுல பதிச்சும் வச்சாங்க, அணிவகுப்பு போறப்ப மிதிச்சுட்டு போகணும்னு. ஒரு நாடு தன்னோட நினைவுச்சின்னத்தை அடுத்தவன் பொணத்துல இருந்து எடுத்த சாமான வச்சு கட்டினா அதுக்கு மேல அந்த போரை பத்தி சொல்ல ஒண்ணும் இல்லனு நினைக்கறேன்.

ஆனா அதே பாக்தாத்ல 1983ல கட்டின ஷஹீத் (தியாகி) நினைவிடம் முற்றிலும் வேற ஜாதி. இஸ்மாயில் ஃபத்தாஹ்ங்கற சிற்பி செஞ்சது, 40 மீட்டர் உயரத்துல நீலப்பச்சை ஓடு பதிச்ச ஒரு குவிமாடம், அதை நடுவால ரெண்டா பிளந்து கொஞ்சம் நகத்தி வச்ச மாதிரி இருக்கும். சர்வாதிகாரி காசுல, சர்வாதிகாரி ஆர்டர்ல செஞ்சதுதான், ஆனா அங்க சதாம் முகம் தேவைப்படல. கீழ சுவர்ல செத்த சிப்பாய்கள் பேர் செதுக்கி இருக்கும். 2003ல அமெரிக்கா படையெடுத்து சதாம் ஆட்சி கவுந்ததுக்கு அப்புறம் அதே கட்டடத்துலயே சதாம் கொன்னவங்களுக்கான கண்காட்சியும் வந்துடுச்சு, அதாவது சதாமுக்காக செத்தவனும் சதாமால செத்தவனும் ஒரே கூரைக்கு கீழ. யாரும் திட்டம் போட்டு செஞ்ச மாதிரி தெரியல, ஆனா ஈராக்ல இந்த போரை பத்தி இருக்கறதுலயே நேர்மையான எடம் அதுதான்னு எனக்கு தோணும்.

அப்புறம் 1986ல ஈரான் பிடிச்ச ஈராக்கோட ஃபாவ் தீபகற்பத்தை 1988 ஏப்ரல்ல ஈராக் திரும்ப எடுத்துச்சு, அந்த வெற்றி பேர்ல பாக்தாத் ஏர்போர்ட் பக்கத்துல சதாம் ஒரு மாளிகை கட்டினாரு. 2003ல அமெரிக்க ராணுவம் வந்து அதையே தலைமையகமா ஆக்கிக்கிட்டாங்க, இப்ப 2021ல இருந்து அது ஒரு யூனிவர்சிட்டி. படிக்க வர்ற பசங்கள்ல எத்தனை பேருக்கு ஃபாவ்ங்கற பேரு எதுக்கு வச்சதுனு தெரியும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. தெற்கு ஈராக்ல இருக்கற பஸ்ரா ஊருல ஆத்தோரமா ஈரான் பக்கம் விரல் நீட்டி நின்ன ராணுவ அதிகாரிங்க சிலை வரிசையா இருந்துச்சு, போர்ல செத்த நிஜ அதிகாரிங்க, பல டஜன் சிலை. 2003க்கு அப்புறம் எல்லாம் காலி, வெறும் பீடம்தான் மிச்சம்.

ஏன் காலி? இங்கதான் ஈராக் விஷயம் சிக்கலாகுது. 2003க்கு அப்புறம் ஆட்சிக்கு வந்த கட்சிங்கள்ல சிலது போர் சமயத்துல ஈரான்ல அகதியா இருந்தவங்க நடத்தினது. பத்ர் படைன்னு ஒண்ணு, ஈரான் மண்ணுல ஈராக் அகதிங்களையும் போர்க்கைதிங்களையும் சேத்து உருவாக்குனது, சதாம் படைக்கு எதிரா ஈரான் பக்கம் நின்னு சண்ட போட்டுச்சு. அதோட தலைவர்கள்ல ஒருத்தரான ஹாதி அல் அமிரி பின்னாடி ஈராக்ல மந்திரியாவே இருந்தாரு. இப்ப சொல்லுங்க, ஒரு பஸ்ராகாரர் கட்டாயப்படுத்தி பட்டாளத்துக்கு போய் ஈரான் ஷெல்லுல காலை இழந்திருக்காரு, அவருக்கு மெடல் குடுக்க வேண்டிய அரசாங்கத்துல இருக்கறவர் அன்னிக்கு எதிர்ப்பக்கம் நின்னவர். இவரை தியாகினு சொன்னா சதாமை நியாயப்படுத்தின மாதிரி ஆகிடும், சொல்லலனா இவரு காலுக்கு என்ன அர்த்தம்? அதனால ஒண்ணும் பேசாம விட்டுட்டாங்க. சதாம் காலத்துல செத்தவன் குடும்பத்துக்கு காரும் மனையும் குடுத்தாங்க, அதுவும் போர் இழுக்க இழுக்க கஜானா காஞ்சு சுருங்கிடுச்சு. அதுக்கு மேல 1991 வளைகுடா போர், அதுக்கப்புறம் பொருளாதாரத் தடை, 2003, உள்நாட்டு சண்டை, ஐஎஸ்னு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்ததுல ஈரான் போர் அடியில போய் மாட்டிக்கிச்சு. ஈராக் எழுத்தாளர்கள் நாவல்ல எழுதினதுதான் அந்த தலைமுறைக்கு மிஞ்சின ஆவணம்.

இப்ப ஈரான். டெஹ்ரானுக்கு தெக்க பெஹெஷ்த்-எ-சஹ்ரானு ஒரு மாபெரும் கல்லறை தோட்டம் இருக்கு, அதுல போர்ல செத்தவங்களுக்கு தனி பகுதி. ஒவ்வொரு கல்லறை தலைமாட்டுலயும் கால் மேல நிக்கற சின்ன கண்ணாடி பெட்டி, உள்ள பையனோட போட்டோ, குர்ஆன், பிளாஸ்டிக் பூ, சிலதுல அவன் கைக்கடிகாரம் இல்ல டைரி. பொட்டிய பராமரிக்கறது பெரும்பாலும் அம்மாக்கள், வியாழக்கிழமை வந்து தண்ணி தெளிச்சு கழுவிட்டு பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கு இனிப்பு நீட்டுவாங்க. அம்மாக்களும் போய் சேர்ந்துட்ட எடத்துல கண்ணாடி மங்கி போட்டோ வெயில்ல வெளுத்து போயிருக்கும். 80கள்ல அங்க ஒரு நீரூற்று சிவப்பு சாயம் கலந்த தண்ணிய அடிச்சிட்டு இருந்துச்சு, வெளிநாட்டு பத்திரிகைக்காரன் எவன் வந்தாலும் அதைத்தான் படம் பிடிப்பான். அந்த சிவப்பு தண்ணி அரசாங்கத்தோட நினைவு, அந்த கண்ணாடி பெட்டி வீட்டோட நினைவு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கக்கூடாது, வெளிய இருந்து எழுதறவங்க பெரும்பாலும் இதுலதான் கோட்டை விடறாங்க.

அரசாங்க நினைவு எவ்ளோ பெருசுனா தெருவுக்கு தெரு தியாகிங்க பேரு, அஞ்சு மாடி கட்டடத்து பக்கவாட்டுல ஓவியம், பாடப்புத்தகத்துல கையெறி குண்டை கட்டிக்கிட்டு டாங்கிக்கு அடியில போன 13 வயசு ஹொசைன் ஃபஹ்மிதே, டெஹ்ரான்ல பெரிய மியூசியம், அது போக நவ்ரூஸ்ங்கற பாரசீக புத்தாண்டு லீவுல பஸ் பஸ்ஸா ஸ்டூடன்ட்ஸ ஷலம்சே, ஃபக்கே மாதிரி பழைய போர்க்களத்துக்கு கூட்டிட்டு போற டூர், அதுக்கு "ஒளிப் பயணிகள்"ங்கற மாதிரி ஒரு பேரு. அடையாளம் தெரியாத சிப்பாய்களோட எலும்புகள யூனிவர்சிட்டி வளாகத்துக்குள்ள கொண்டு வந்து புதைச்சாங்க, 2006ல ஷரீஃப் யூனிவர்சிட்டிலயும் 2009ல அமீர்கபீர்லயும் மாணவர்கள் எதிர்த்து கலாட்டாவே ஆச்சு. அவங்க எதிர்த்தது செத்தவனை இல்ல, கல்லறைய சாக்கா வச்சு ஆட்சிக்கு ஆதரவான துணைப்படை ஆளுங்க கேம்பஸ்குள்ள நிரந்தரமா நுழைஞ்சிடுவாங்களேங்கற பயம். காலேஜ் அட்மிஷன்ல தியாகி குடும்பத்துக்கு கோட்டா வேற, அதுல போரை பாக்காத தலைமுறைக்கு ஒரு எரிச்சல்.

இதெல்லாம் வச்சு "ஓ, எல்லாம் பிரச்சாரம்"னு முடிவு கட்டிடாதீங்க. குஜெஸ்தான்ல எல்லையோரமா இருக்கற கொர்ரம்ஷஹரை எடுத்துக்கோங்க. 1980 கடைசில ஒரு மாசத்துக்கு மேல தெருத்தெருவா சண்ட நடந்து ஈராக் கைல போன ஊரு, 1982 மே 24 அன்னிக்கு ஈரான் திரும்ப எடுத்துச்சு. ஆரம்பத்துல ஊரை காத்தவங்கள்ல முக்கியமானவர் முகமது ஜஹானாரா, ஊரு மீண்டது அவருக்கு தெரியாது, 1981 செப்டம்பர்ல விமான விபத்துல போயிட்டாரு. அவரை பேர் சொல்லி கூப்பிட்டு, ஊரு நம்ம கைக்கு வந்துடுச்சு நீ பாக்க இல்லாம போயிட்டியேனு ஒரு புலம்பல் பாட்டு இருக்கு. அந்த பாட்டுக்கு ஆட்சிய ஆதரிக்கறவனும் அழுவான், ஆட்சிய திட்டறவனும் அழுவான், அமெரிக்கால செட்டிலானவனும் அழுவான். ஒரு அரசாங்கத்தால இதை செயற்கையா உண்டாக்க முடியாது. அந்த ஊருல பொணம் குளிப்பாட்டற வேலை செஞ்ச 17 வயசு பொண்ணு, சஹ்ரா ஹொசைனி, சொல்ல சொல்ல எழுதி 2008ல வந்த "தா"ங்கற தலகாணி சைஸ் புக்கும் அப்படித்தான். அரசு சார்பு பதிப்பகம்தான் போட்டுச்சு, அரசாங்கமும் தூக்கி பிடிச்சுது, நூறு பதிப்புக்கு மேல போச்சு, ஆனா உள்ள இருக்கற கல்லறை தோட்ட பகுதிகள படிச்சா அதுல வீரவசனத்துக்கு எடமே இல்ல, வெயில், நாத்தம், பொணத்துக்கு சுத்தற கபன் துணி பத்தாம போறது, நாய்ங்க, இவ்ளோதான்.

ஆனா இங்கதான் அந்த தொடாத கேள்வி வருது. கொர்ரம்ஷஹர் மீண்டதும் சதாம் படைய பின்வாங்கறேன்னு சொல்லிட்டாரு, 1982 ஜூன்ல போர்நிறுத்தத்துக்கும் தயார்னாரு. ஜூலைல ஈரான் எல்லைய தாண்டி பஸ்ராவ நோக்கி போச்சு. "ஜெருசலேத்துக்கு வழி கர்பலா வழியாத்தான்"னு கோஷம். அதுக்கப்புறம் ஆறு வருஷம், ஒவ்வொரு வருஷமும் ஒரு பெரிய தாக்குதல், சதுப்பு நிலத்துலயும் மீன் குளத்துலயும் மனுஷங்க விழுந்தாங்க, ஈரான் பக்கம் செத்தவங்கள்ல பெரும்பகுதி இந்த ஆறு வருஷத்துல. சொந்த ஊர காப்பாத்தினதுக்கு பேரு பாதுகாப்பு சரி, இதுக்கு என்ன பேரு? ஈரான்ல இதை பொதுவுல ஓங்கி கேட்டா தியாகிய அவமானப்படுத்தறனு பட்டம் கிடைக்கும். நியாயமா சொல்லணும்னா அவங்க பக்கமும் ஒரு வாதம் இருக்கு, சதாம் திரும்ப வரமாட்டான்னு என்ன கேரண்டி, தாக்கினவன் யாருன்னு சொல்லக்கூட ஐநா தயாரா இல்லையேனு. அது உண்மைதான், ஈராக்தான் ஆரம்பிச்சுதுனு ஐநா பொதுச்செயலாளர் பெரெஸ் டி கெய்யார் அறிக்கை குடுத்ததே 1991 டிசம்பர்ல, எல்லாம் முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு, அதுவும் சதாம் குவைத்துல எல்லாருக்கும் எதிரி ஆனதுக்கு அப்புறம். ஆனாலும் அந்த வாதத்தை வச்சு ஆறு வருஷத்தை நியாயப்படுத்த முடியுமானு கேட்டா என்னால முடியாதுனுதான் சொல்லுவேன். 2006ல ரஃப்சஞ்சானி, கொமேனி 1988ல எழுதின ரகசிய லெட்டரை வெளிய விட்டாரு, ஜெயிக்கணும்னா இன்னும் பல வருஷமும் ஏகப்பட்ட ஆயுதமும் வேணும்னு புரட்சிப்படை தளபதி எழுதிக்குடுத்ததுதான் போரை நிறுத்தினதுக்கு ஒரு காரணம்னு அதுல தெரிஞ்சுது. யாரு போரை இழுத்தது, யாரு நிறுத்துனதுனு பெருந்தலைங்களுக்குள்ளயே ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்கிட்டாங்க. செத்தவன் குடும்பம் அதை பேப்பர்ல படிச்சுது.

2015ல நடந்தது ஒண்ணு. 1986 டிசம்பர்ல கர்பலா-4ங்கற தாக்குதல் படுதோல்வி, ஆத்த நீந்தி கடக்க போன முக்குளிப்பு வீரர்கள் சிக்கிக்கிட்டாங்க. 175 பேரோட எலும்பு 2015ல கிடைச்சு ஊருக்கு வந்துச்சு, சிலருக்கு கை கட்டி இருந்துச்சு, உயிரோட புதைச்சிருக்காங்கனு அதிகாரிகளே சொன்னாங்க. டெஹ்ரான்ல ஊர்வலத்துக்கு ஜனம் கடல் மாதிரி வந்துச்சு. வல்லரசுகளோட ஈரான் நடத்தின அணு ஒப்பந்த பேச்சுவார்த்தை உச்சத்துல இருந்த நேரம், ஒப்பந்தத்தை எதிர்த்தவங்க அந்த பொணங்கள தங்களுக்கு சாதகமா பயன்படுத்தப் பாத்தாங்க, இன்னொரு பக்கம் "தோத்துப்போகும்னு தெரிஞ்சே இந்த பசங்கள யாரு அனுப்பினது"னு கேட்டு பழைய தளபதிகள ஜனங்க நோண்ட ஆரம்பிச்சாங்க. தொடாத கேள்வி அன்னிக்கு கொஞ்ச நேரம் தெருவுக்கே வந்துச்சு.

விஷவாயு பத்தி சொல்லாம விட முடியாது. 1987 ஜூன் 28, ஈரான்ல சர்தஷ்த்ங்கற குர்து ஊரு மேல ஈராக் கடுகு வாயு குண்டு போட்டுச்சு, படைமுகாம் இல்ல, கடைத்தெரு, வீடு. 1988 மார்ச் 16, ஈராக்லயே ஹலப்ஜாங்கற குர்து ஊரு மேல, 5,000 பேர் வரைக்கும் செத்தாங்கங்கறது பொதுவா சொல்ற கணக்கு. ஹலப்ஜா உலகத்துக்கு தெரிஞ்சதுக்கு காரணம் அந்த சமயம் ஊரு ஈரான் படை கைல இருந்துச்சு, அதனால போட்டோகிராபர்கள ஒடனே கூட்டிட்டு போக முடிஞ்சுது. கைக்குழந்தைய அணைச்சபடி வாசல்ல விழுந்து கிடக்கற அப்பா படம் நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. அப்ப அமெரிக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா, ஈரானும் போட்டிருக்கலாம்னு சேதி பரப்புச்சு, ஏன்னா அன்னிக்கு சதாம் அவங்களுக்கு வேண்டிய ஆளு. அதே ஹலப்ஜாவ 2003ல போருக்கு காரணமா காட்டினது அதே அமெரிக்காதான்.

ஹலப்ஜா ஜனங்களும் சும்மா இல்ல. 2003ல அங்க பெரிய நினைவுச்சின்னம் திறந்தாங்க, வருஷா வருஷம் வெளிநாட்டு விருந்தாளிங்களோட குர்து தலைவர்கள் வந்து போட்டோ எடுத்துட்டு போவாங்க, ஊருல ரோடு இல்ல, தண்ணி இல்ல. 2006 நினைவு நாள் அன்னிக்கு உள்ளூர்காரங்களே அந்த நினைவுச்சின்னத்துக்கு தீ வச்சிட்டாங்க. தங்க அப்பன் ஆத்தா பேரு இருக்கற கட்டடத்துக்கு தாங்களே தீ வைக்கறாங்கனா அவங்க எவ்ளோ நொந்திருக்கணும்.

சர்தஷ்துக்கு இந்த அளவு பேரும் கிடைக்கல. ஆனா டெஹ்ரான்ல சிட்டி பார்க் உள்ள ஒரு சின்ன அமைதி மியூசியம் இருக்கு, ஹிரோஷிமா போய்ட்டு வந்ததுல உண்டான யோசனை. அங்க சுத்தி காட்றவங்கள்ல பலபேர் வாயு அடிபட்ட பழைய சிப்பாய்ங்கதான், பேசிக்கிட்டே இருக்கும்போது இருமல் வந்து நிறுத்துவாங்க, இன்ஹேலர் எடுத்து அடிச்சிட்டு விட்ட எடத்துல இருந்து தொடருவாங்க. பெரிய மியூசியத்துல ஏவுகணையும் லேசர் ஷோவும் இருக்கு, இங்க அந்த நுரையீரலே சாட்சி. அந்த ரசாயனம் எங்கிருந்து போச்சுன்னா மூலப்பொருள் பலது ஐரோப்பிய கம்பெனிங்க வழியா போனது. நெதர்லாந்துல ஃபிரான்ஸ் வான் அன்ராத்ங்கற வியாபாரிய 2005ல கோர்ட் 15 வருஷம் உள்ள போட்டுச்சு, அப்பீல்ல அது 17 ஆச்சு. ஒரு ஆளு. மத்தவங்கெல்லாம் நல்லாத்தான் இருந்தாங்க.

சினிமாவுக்கு வர்றேன், நீங்க முக்கியமா கேட்டது அதான். ஈராக் பக்கம் சொல்ல பெருசா இல்ல, 1981லயே எகிப்து டைரக்டர வச்சு காதிசிய்யா பேர்ல கோடிக்கணக்குல செலவழிச்சு ஒரு சரித்திர படம் எடுத்தாங்க, டிவில தினம் போர்க்கள காட்சினு எதிரி பொணங்கள வரிசையா காட்டினாங்க, அதை பாத்து வளந்த பிள்ளைங்க இப்ப நாப்பது அம்பது வயசுல அதை பத்தி எழுதறாங்க. ஈரான்ல "புனித பாதுகாப்பு சினிமா"னு ஒரு தனி வகையே உண்டு, அரசு காசு. அதுல பெரும்பாலானது குப்பைங்கறதை அவங்க ஆளுங்களே சொல்லுவாங்க, மிச்சம் இருக்கறது பிரமாதம். மொர்தெசா அவினி டாக்குமெண்டரில குண்டு வெடிக்கறதை விட பசங்க வெடிக்கறதுக்கு முன்னாடி உக்காந்து பேசறதுதான் ஜாஸ்தி. நம்பிக்கை மேல அவருக்கு இருந்த பிடிப்பு உங்களுக்கு ஒத்துக்காம போகலாம், ஆனா அந்த முகங்கள விட்டு கண்ண எடுக்க முடியாது. 1993ல ஃபக்கேல ஷூட்டிங் போன எடத்துல பழைய கண்ணிவெடில செத்தாரு. 1996ல வந்த "லைலி என்னோட இருக்கா" காமெடி, வீடு கட்ட லோன் வேணும்ங்கறதுக்காக பயந்துக்கிட்டே முன்னணிக்கு போற டிவி ஊழியர் கதை, புனிதம்னு சொன்ன எடத்துல முதல் தடவையா ஜனங்க வாய்விட்டு சிரிச்சாங்க. 1998ல டைரக்டர் ஹாதமிகியாவோட "கண்ணாடி ஏஜென்சி" நேர் எதிர், கழுத்துல குண்டுச்சில்லோட இருக்கற நண்பனை லண்டனுக்கு சிகிச்சைக்கு அனுப்ப டிக்கெட்டுக்காக ஒரு பழைய சிப்பாய் டிராவல் ஏஜென்சில இருக்கறவங்கள பணயம் புடிக்கறான், உள்ள மாட்டினவங்க "எங்களுக்கு என்ன வந்துச்சு, நாங்களா போருக்கு போகச் சொன்னோம்"ங்கற தொனில பேசறாங்க. அந்த வாக்குவாதம்தான் 90கள் ஈரான்.

வெளிநாட்டு சித்தரிப்புல எனக்கு ஒரு கடுப்பு உண்டு. எடுத்தவுடனே சொர்க்கத்து சாவிய கழுத்துல மாட்டிக்கிட்டு கண்ணிவெடி மேல ஓடற சின்னப்பசங்க. அந்த சாவி விஷயத்துல ஈரான் சிப்பாய்ங்க பலபேர் அப்படி ஒண்ணு இல்லவே இல்லனு மறுக்கறாங்க, சண்டை ஓயல. மறுக்க முடியாதது என்னன்னா 18 வயசுக்கு கீழ உள்ள பசங்க ஏராளமா போனாங்க, அடையாள அட்டைல பிறந்த வருஷத்தை திருத்திக்கிட்டு போன கதைய அவங்களே சிரிச்சிட்டு சொல்லுவாங்க, அதை தடுக்காத அரசாங்கம் அதை பெருமையா பாடமும் ஆக்கிடுச்சு. இதுவே போதுமான குத்தம், சாவி எதுக்கு? அதோட ஈரான் தாக்குதல் எல்லாமே கூட்டங்கூட்டமா ஆளுங்கள முன்னால தள்ளிவிடற மனுஷ அலைனு நினைக்கறதும் தப்பு, ராத்திரில ஊடுருவி பலவீனமான எடத்துல அடிக்கற திறமையான திட்டங்களும் இருந்துச்சு, 1986ல ஃபாவ பிடிச்சதே அப்படித்தான்.

எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டீங்கனா ஈரான் டைரக்டர் பஹ்ராம் பெய்சாயோட "பாஷு" படம் பாருங்க. போர் நடக்கும்போதே எடுத்தது, 1989 வரைக்கும் பொட்டிக்குள்ள கிடந்துச்சு. தெக்க குண்டுவீச்சுல குடும்பத்தை இழந்த கறுத்த அரபு பையன் ஒருத்தன் லாரில ஒளிஞ்சு வடக்க கிலான் வயக்காட்டுக்கு வந்து சேர்றான், அங்க யாருக்கும் அவன் பேச்சு புரியல, அவன் நிறத்தை பாத்து அழுக்குனு நினைச்சு தேச்சு குளிப்பாட்டறாங்க. எதிரியே இல்லாத போர்ப்படம், அதான் அதிகாரிங்களுக்கு உறுத்துச்சு. அதை பாத்துட்டு "தா" கிடைச்சா படிங்க, ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கு. ஈராக் பக்கத்துக்கு சினான் அந்தூன் மாதிரி புலம்பெயர்ந்த எழுத்தாளர்கள் நாவல்ல இருந்து தொடங்கலாம். ஈரான்காரங்க யாராவது பழக்கமா இருந்தா 1988 டெஹ்ரான் ஏவுகணை நாட்கள் பத்தி கேளுங்க, ஜன்னல்ல எக்ஸ் மாதிரி டேப் ஒட்டினது, ரேடியோல சிவப்பு எச்சரிக்கை வாசகம், இதெல்லாம் ஒரு வரி விடாம ஒப்பிப்பாங்க. ஆனா 82க்கு அப்புறம் ஏன் நிறுத்தலனு எடுத்த எடுப்புலயே கேக்காதீங்க, ரெண்டாவது டீ வரட்டும்.